சம்பந்தி தாண்டிய கூரைகள்

எனக்கு ஆறடிக்கு மேலே உயரமான எதுவும் ஒத்துக்கொள்ளாது. திராட்சைப் பந்தல் ஆறடி. அதற்குக் கீழே நின்று, கையைத் தூக்கிக் கொத்தை நறுக்கிக் கூடையில் வைக்கிற வரைக்கும் நான் பெரிய வீரன். என் தோட்டத்துக் கிணற்றை நான் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. மோட்டார் போட்டதும் குழாயில் வருகிற சத்தத்தை வைத்தே தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஓடைப்பட்டியில் இதை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குள் போன கோடையில் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, கெங்குவார்பட்டியிலிருந்து மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். காரிலிருந்து இறங்கின சாமான்கள் துணிப்பை, ஆஸ்பத்திரி ஃபைல், அவள் மாமியார் கொடுத்துவிட்ட பொடி டப்பாக்கள், கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டி. மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிப் பெண்டாட்டிக்குக் கொடுத்தாராம். டிவியில் மாட்டினால் வீடியோ கேம் ஆடலாம்.

டாக்டரம்மா சொல்லியிருந்தது மூன்று விஷயம். மாடிப்படி ஏறக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது. மகள் அதை அப்படியே கேட்டாள். சோபாவில் முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, கூரைக்குக் கூரை தாவினாள்.

முதல் நாள் தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியில் யாருடைய முகமும் இல்லை.

"என்னாத்தா இது, ரெண்டு கைதான் தெரியுது. ஆளை எங்க?"

"நீங்கதான்பா ஆளு. ஓடுறது ஒரு பொண்ணு. அது கண்ணு வழியா நீங்க பாக்குறீக."

"காலு இருக்கா அதுக்கு?"

அவள் கையிலிருந்த ரிமோட்டில் எதையோ அசைத்து அந்தப் பெண்ணைக் குனிய வைத்தாள். இரண்டு ஷூ தெரிந்தது. ஷூவின் முன்பாதி சுவருக்கு வெளியே இருந்தது. அதற்குக் கீழே எட்டு மாடிக்கு ஒன்றுமே இல்லை. நான் சோபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. சோபா ஆடுதான்னு பாத்தேன்."

கதை இதுதான். ஒரு மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக ஒரு நகரம். உச்சியில் இருக்கிற பெரிய ஆட்கள் மதகைப் பூட்டிவிட்டார்கள், கீழே தண்ணீர் வரவில்லை. மதகுச் சாவி இந்தப் பெண் கையில் கிடைத்திருக்கிறது. தெருவெல்லாம் காவல். ஆகவே அவள் கூரை வழியாகவே, இருபத்துநான்கு கட்டங்களைத் தாண்டி, உச்சிக்குப் போய் மதகைத் திறக்க வேண்டும். எந்த நாட்டுக்காரன் உட்கார்ந்து யோசித்தானோ தெரியாது, கம்பம் பள்ளத்தாக்கில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலே மதகு, கீழே நாம். என் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு சந்தேகம் கேட்டாள். "பூட்டை ஒடச்சாப் போச்சு. எதுக்கு அந்தப் புள்ள சாவியத் தூக்கிக்கிட்டு ஓடணும்?"

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது, அதனால் ஆட்டத்தின் நல்ல குணங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு அது நம்மை இழுத்துக்கொண்டு போவதில்லை. கூரைகளில் புறா உட்கார்ந்திருக்கும். எங்கே புறாவோ அங்கே கால் வைக்கலாம். நாம் நெருங்க நெருங்கப் படபடவென்று எழுந்து பறந்து அடுத்த கைப்பிடிச் சுவரில் போய் உட்காரும். ஓட்டம் முதலில் மந்தமாகத்தான் இருக்கும். தடுக்காமல், தயங்காமல் நாலு தாவு தாவிவிட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும், காற்றுச் சத்தம் காதை அடைக்கும், அந்தப் பெண் மூச்சு வாங்குவது நம் நெஞ்சுக்குள் கேட்கும். எல்லாவற்றையும்விட காலடிச் சத்தம். தகரத்தில் ஒன்று, ஓட்டில் ஒன்று, கான்கிரீட்டில் ஒன்று. கூரையின் விளிம்பு வருவதற்கு ஒரு எட்டு முன்னால் சத்தம் கொஞ்சம் வெற்றாக மாறும். அதைக் கவனித்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். காரணம், நான் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆடினேன்.

ஆமாம். திறந்துகொண்டு ஆட என்னால் முடியவில்லை. முதல் தாவலிலேயே இரண்டு காலையும் தூக்கி சோபா மேலே வைத்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், டிவிக்கு ஆறடி தள்ளி, பனியனோடு பத்திரமாக உட்கார்ந்துகொண்டு "ஐயோ பிடி, பிடி" என்று யாரையோ கூப்பிட்டிருக்கிறேன். மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்துவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து கையில் திணித்துவிட்டுப் போனாள். அதிலிருந்து இடது கையில் எலுமிச்சை, வலது கையில் ரிமோட். ஓடும்போது கண்ணைத் திறந்திருப்பேன். விளிம்புச் சத்தம் கேட்டதும் மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குவேன். பாதி தடவை அடுத்த கூரையில் இருப்பேன். மீதிப் பாதியில் 'ஊ' என்று காற்றடிக்கும், பிறகு அமைதி. அந்த அமைதிக்கு அர்த்தம் செத்துப்போனேன் என்பது. மகள் சிரிப்பாள், ரிமோட்டை வாங்கி ஒரே மூச்சில் தாண்டிவிட்டுத் திரும்பக் கொடுப்பாள்.

காலை பதினொன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் எங்கள் ஆட்டம். அவள் பிளஸ் டூ முடித்து ஹாஸ்டலுக்குப் போனவள். அங்கிருந்து வேலை, அங்கிருந்து கல்யாணம். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தது, யாராவது செத்த வீட்டிலோ கல்யாண மண்டபத்திலோதான். இப்போது எனக்கு இரண்டரை மாதம் முழுதாகக் கிடைத்திருக்கிறது. பிள்ளை பிறந்துவிட்டால் அவளுக்கு அப்பனைத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. மூன்றாம் மாதம் தொட்டிலோடு கெங்குவார்பட்டிக்குப் போய்விடுவாள். ஆகவே அந்த சோபாவும் அந்தக் காலை வேளையும் என்னுடையவை என்று மனசுக்குள் வேலி போட்டு வைத்திருந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலியைத் தாண்டி சம்பந்தி வந்தார்.

சம்பந்தி என்றால் மகளின் மாமனார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இலவ மரங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய் இறக்குகிறவர். ஆள் வராத நாளில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தானே ஏறிவிடுவார். மகன் கப்பலில் இருப்பதால், மருமகளைப் பார்க்க அவன் சார்பில் இவர் வர வேண்டும் என்று அவர்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. பெரியகுளம், தேனி, சின்னமனூர் என்று பஸ் மாறி மாறி, ஒரு பை மாம்பழத்தோடு பத்து மணிக்கெல்லாம் வாசலில் நின்றார்.

பெண்ணைக் கொடுத்த வீடு நாங்கள். அவர் உட்கார்ந்த பிறகு உட்கார வேண்டும், அவர் இலையில் கை வைத்த பிறகு நாம் வைக்க வேண்டும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நாம் ஒரு மரியாதை செய்தால் இரண்டாகத் திருப்பித் தருவார். டீ குடித்து முடித்ததும் மகள் டிவியைப் போட்டாள். அந்தப் பெண் ஒரு தண்ணீர்க் குழாயை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நேரம். மரியாதைக்கு ரிமோட்டை நீட்டினேன்.

"ஆடுங்க சம்பந்தி."

"அட நீங்க ஆடுங்க. நான் பாக்குறேன்."

"எங்க வீட்டுக்கு வந்திருக்கீக. நீங்க ஆடாம நான் எப்படி?"

"இருக்கட்டும் சம்பந்தி. நான்தான் அங்கன தினமும் ஆடுறேனே."

ஆட்டத்தில் ஒற்றைக் கையால் எட்டு வினாடிதான் தொங்க முடியும். காற்று 'ஊ' என்றது. பிறகு அமைதி.

"ரெண்டு பேரும் உபசாரம் பண்ணிப் பண்ணியே ஒரு பொண்ணக் கொன்னுட்டீக," என்றாள் மகள்.

எனக்கு அந்தப் பெண் செத்தது பெரிதாகப் படவில்லை. "தினமும் ஆடுறேனே" என்றது காதுக்குள் நின்றுவிட்டது. விசாரித்தேன். கெங்குவார்பட்டியில் சாயங்காலம் விளக்கு வைத்து, காபி குடித்ததும் மாமனாரும் மருமகளும் உட்கார்ந்துவிடுவார்களாம். ஒரு வருஷமாக நடக்கிறதாம். நான் எங்களுடையது என்று எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியது அவர்கள் இரண்டு பேரும் பாதிக்கு மேல் ஆடி வைத்திருந்த ஆட்டம். பத்தொன்பதாம் கட்டம் வரைக்கும் வந்திருந்தார்கள். நான் நடுவில் ஏறிக்கொண்ட பயணி.

பிறகு அவர் ஆடினார். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல முடியும். மனிதர் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்து, "ரெண்டு கொப்பு தூரம்" என்று மரக்கிளைக் கணக்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாவினார். அடுத்ததற்கு, "இது ஒண்ணரைதான்." காவல்காரர்கள் நாலு பேர் தடியோடு நின்றார்கள். இந்தச் சண்டைதான் ஆட்டத்திலேயே தரித்திரம் பிடித்த பகுதி. அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருக்கிறவளை நிறுத்தி, கை காலை வீசச் சொல்வார்கள். நாம் அமுக்குகிற பொத்தான் ஒன்று, அவள் வீசுகிற கை ஒன்று. நான் அந்த இடத்தில் மட்டும் பதினாலு தடவை அடி வாங்கியிருக்கிறேன். சம்பந்தி அந்த நாலு பேர் பக்கமே போகவில்லை. பின்பக்கம் ஒரு புகைப்போக்கியில் ஏறிச் சுற்றிப் போய்விட்டார்.

"முசுறு எறும்பு இருக்குற கொப்புல யாராச்சும் காலை வைப்பாகளா தாயி?" என்றார் என் மகளிடம்.

"அதான் மாமா," என்றாள் அவள். என்னைப் பார்த்து, "பாத்தீகளாப்பா?"

பார்த்தேன். அடுத்து அவள் சொன்னதும் கேட்டது. "அப்பாவுக்குத் தலை சுத்தும் மாமா. எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டுத்தான் ஆடுவாக."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். "அது சகஜம்தான். புதுசா மரம் ஏறுறவனுக்கும் இருக்கும். கொஞ்சம் புளிய வாயில ஒதுக்கிக்கங்க சம்பந்தி," என்று கனிவாகச் சொன்னார். மனைவி உடனே உள்ளே போய் ஒரு உருண்டைப் புளி கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டில், என் சோபாவில், வாயில் புளியோடு உட்கார்ந்து, என் மகள் இன்னொருவர் தாவுவதைப் பார்த்துக் கைதட்டியதை நான் பார்த்தேன். புளி ரொம்ப நல்ல புளி. பழைய புளி. அதுகூட எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க எது செய்தாலும் மாமா வந்தார். நான் விழுந்தால், "மாமா இங்கன கொஞ்சம் நின்னு பாப்பாக." நான் தப்பித்தவறித் தாண்டினால், "மாமா மாதிரியே தாண்டிட்டீக." இரண்டாவது ஞாயிறு அவர் வந்தார், இருபதாம் கட்டம் தாண்டினார், போனார். பந்தலுக்குக் கீழே கொத்து நறுக்கும்போது நான் இந்த அளவுக்கு யோசித்துவிட்டேன்: ஒருவன் இருபத்தைந்து வருஷம் வளர்ப்பானாம், இன்னொருவர் ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கூரை தாவுவாராம், கைதட்டு அவருக்காம். மருமகன்மேல்கூட எனக்கு இந்தப் பொறாமை வந்ததில்லை. அது நாமே தாம்பூலம் மாற்றி ஒப்புக்கொண்டது. மாமனாரை யார் பேசி முடித்தது?

ஆகவே கள்ளத்தனமாகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை மகளும் மனைவியும் செக்கப்புக்காகச் சின்னமனூர் போனார்கள். மருந்தடிக்க ஆள் வருகிறான் என்று சொல்லி நான் வீட்டில் தங்கினேன். பெட்டியைப் போட்டேன். இருபத்தொன்றாம் கட்டத்தில் போய்ப் பழகினால் செத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். முதலிலிருந்து ஆடினால் படிப்படியாகக் கை பழகும், அடுத்த ஞாயிறு நானும் ஒரு தாவு காட்டலாம் என்று 'புது ஆட்டம்' என்பதை அமுக்கினேன். திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்து, ஆமா, இல்லை என்று இரண்டு பதில் நின்றது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் 'இல்லை' என்ற சொல்லை வாயில் வரவழைக்கக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டிருந்தாள். உப்பு இல்லை என்று சொன்னால் அடி விழும், உப்பு வாங்கணும் என்று சொல்ல வேண்டும். யாராவது என்னைத் தேடி வந்தால் இல்லை என்று சொல்ல மாட்டாள், தோட்டத்துல இருக்காக என்பாள். இரண்டு வாரமாக இதிலேயே புழங்கி என் விரலுக்கும் அது ஏறிவிட்டது. நாலு வரியைப் படிக்காமல் மங்களகரமாக 'ஆமா'வை அமுக்கினேன்.

அமுக்கின பிறகு ஒரு சந்தேகம் வந்து, ஆட்டத்தை விட்டு வெளியே வந்து பார்த்தேன். இருபத்தொன்றாம் கட்டம் எங்கேயும் இல்லை. அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் காற்றையும் புறாவையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், ஆடினதைச் சேமித்து வைக்க ஒரே ஒரு இடம்தான் வைத்திருக்கிறார்கள். புதிது தொடங்கினால் பழையது போய்விடும். அதைத்தான் அந்த நாலு வரி கேட்டிருக்கிறது. மாமனாரும் மருமகளும் ஒரு வருஷம் சாயங்காலம் சாயங்காலமாகத் தாண்டின இருபது கட்டங்களை நான் ஒரு மங்களச் சொல்லால் துடைத்து எடுத்துவிட்டேன்.

என் பயம் மூன்று படியாக வரும். முதலில் காது சூடாகும். அப்புறம் தேவையில்லாமல் வீட்டைச் சுத்தம் செய்வேன். அவர்கள் திரும்பி வந்தபோது நான் மின்விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஸ்டூலில் ஏறி. மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "இவுக ஏன் மேல ஏறியிருக்காக?" என்று மகளிடம் கேட்டாள். மூன்றாவது படி பொய். மகள் ரிமோட்டை எடுக்கும் முன்னே சொன்னேன்.

"கரண்டு ஏத்த இறக்கமா இருக்கு தாயி. பக்கத்துத் தோட்டத்துல மோட்டாரே போயிருச்சு. பெட்டி புகைஞ்சா மாப்பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது? ரெண்டு மூணு நாளைக்கு வேணாம்."

அவள் ஸ்டூலைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். "சரிப்பா," என்றாள்.

திட்டம் இதுதான். அவள் மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தூங்குவாள். அந்த நேரத்தில் ஆடி ஆடி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் இருபத்தொன்றுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். அவர்கள் ஒரு வருஷத்தில் செய்ததை நான் நான்கு மத்தியானத்தில், கண்ணை மூடிக்கொண்டு.

சத்தம் வெளியே கேட்கக் கூடாது. சத்தமில்லாமல் என்னால் ஆட முடியாது. மகளின் ஹெட்செட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். புதன்கிழமை மனைவி ஹாலுக்கு வந்து பார்த்தபோது நான் காதை மூடி, கண்ணை மூடி, வாயில் புளியை ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"தியானமா?"

"ஆமா."

"எதுக்கு வேர்க்குது?"

அப்போதுதான் ஆட்டத்தின் அத்தனை கோளாறும் எனக்குத் தனிப்பட்ட விரோதியாக மாறியது. விளிம்பில் கை பட்டது சத்தத்திலேயே தெரியும், ஆனால் பிடிக்காது. பிடித்திருந்தால் அழகாக ஏறியிருப்பாள். பிடிக்காததற்குக் காரணம் நாலு விரற்கடை இடது பக்கமாக வந்தோம் என்பது. விழுந்தால் விழுந்த இடத்தில் எழுப்பிவிடாமல், மூன்று கூரை பின்னால் கொண்டுபோய் நிறுத்தும். அந்த மூன்று கூரைக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் வரும். லிஃப்ட் மேலே போகும் வரைக்கும் அந்தப் பெண்ணின் காதில் ஒரு ஆள் பேசுவான். மதகு, அநியாயம், சகோதரத்துவம் என்று. அவன் பேச்சை வெட்ட வழி கிடையாது. ஐந்தாம் கட்டத்தில் ஒரு தாவலுக்காக அந்தப் பேச்சை முப்பது தடவை கேட்டிருப்பேன். கடைசியில் அநியாயத்தின் பக்கமே சாய்ந்துவிட்டேன். மதகைத் திறக்காவிட்டால் என்ன கெட்டுப்போச்சு என்று தோன்றியது.

வியாழன் ஆறாம் கட்டம். வெள்ளி, ஆறாம் கட்டமேதான். காலை வேளையில் மகளும் நானும் சோபாவில் உட்கார்ந்து அணைத்து வைத்த டிவியைப் பார்த்தோம். அவள் ஒன்றிரண்டு தடவை, "கரண்டு சரியாயிருச்சாப்பா?" என்று கேட்டாள். "இன்னும் ஒரு நாளைக்குப் பாப்போம்," என்றேன். இரண்டரை மாதத்தில் என் கையிலிருந்த காலை வேளைகளில் நாலை நானே வெட்டி எறிந்திருக்கிறேன் என்பது சனிக்கிழமைதான் உறைத்தது. அன்றைக்கு ஏழாம் கட்டத்தில் ஒரு தகரக் கொட்டகையின் மேலே அந்தப் பெண்ணை நிறுத்தினேன். அதற்கு மேலே என்னால் ஆகவில்லை. இன்னும் பதினாலு பாக்கி.

ஞாயிறு பத்து மணிக்கு மாம்பழம் வந்தது. டீ வந்தது. ரெண்டு நாளாக என் குரல் போய்விட்டது என்று நடிக்கலாமா என்று பார்த்தேன். மகள் எழுந்து போய்ப் பெட்டியைப் போட்டாள். "கரண்டு…" என்று ஆரம்பித்தேன். "சரியாயிருச்சுப்பா," என்றாள்.

திரையில் தகரக் கொட்டகை வந்தது. இருபத்தொன்றாம் கட்டத்தில் உச்சிக்குப் பக்கத்தில், மேகத்தை ஒட்டி, கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கும். இது அடிவாரம். துணி காயப் போட்டிருக்கிறது, பக்கத்தில் கோழிக்கூண்டு. குருடனுக்கும் வித்தியாசம் தெரியும். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

சம்பந்தி ரிமோட்டை வாங்கினார். திரையை ஒரு தடவை பார்த்தார்.

"அட, இந்தக் கொட்டகையா. இது நல்ல எடமாச்சே தாயி," என்றார்.

"ஆமா மாமா," என்றாள் மகள்.

ஒரு கேள்வி கேட்கவில்லை. தாவினார். ஒரு வருஷத்துக்கு முன்னால் தாண்டின அதே கூரைகளை, முதல் தடவை பார்க்கிற ஆள் மாதிரி, "ஓகோ, இங்கன ஏணி இருக்கோ" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். சாப்பாட்டு நேரத்துக்குள் மூன்று கட்டம் தாண்டினார். நடுவில் ரிமோட்டை என்னிடம் நீட்டி, "நீங்க ஒரு கை பாருங்க சம்பந்தி, நல்லா பழகியிருக்கீக போல," என்றுகூடச் சொன்னார். எதை வைத்துச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கண்ணை மூடித் தாவினேன். விழுந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து, "பரவாயில்ல," என்றார்கள். சேர்ந்து, ஒரே குரலில்.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாப்பில் திராட்சைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்றோம். எனக்குத் தாங்கவில்லை.

"சம்பந்தி, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தெரியும் சம்பந்தி."

"பாத்ததும் தெரிஞ்சிருச்சா?"

"இல்ல. செவ்வாக்கெழமையே புள்ள போன் பண்ணுச்சு." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பா தெரியாம அழிச்சிட்டாக மாமா, பயந்து போயிருக்காக, ஞாயித்துக்கெழமை வந்தா ஒண்ணும் கேட்டுக்கிடாதீக, வேணும்னா நாம மொதல்ல இருந்து ஆடிக்கிருவோம்னுச்சு. இதுல என்ன இருக்கு, விடுங்க."

பஸ் வந்தது. அவர் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் ஒன்றையே மென்றுகொண்டு வந்தேன். அவள் அவரைக் காப்பாற்றவில்லை, என்னைத்தான் காப்பாற்றியிருக்கிறாள். அது புரிகிறது. ஆனால் என்னைக் காப்பாற்றுவதற்கு அவள் கூட்டுச் சேர்த்துக்கொண்ட ஆள் யார்? என் வீட்டு அடுத்த அறையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கெங்குவார்பட்டிக்குப் போன் போட்டு, என் பயத்தைப் பற்றி இரண்டு பேரும் அன்பாகப் பேசியிருக்கிறார்கள். கோபமாகப் பேசியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மன்னிக்கிறதிலும் மனிதர் என்னைத் தாண்டிவிட்டார். அந்த மாம்பழத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு நறுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்புறம் அது கல்லாமை ரகம், நல்ல பழம் என்று ஞாபகம் வந்தது.

மகள் சோபாவில்தான் இருந்தாள்.

"மாமாவை ஏத்தி விட்டாச்சாப்பா?"

"ஏத்தியாச்சு. செவ்வாக்கெழமையே போன் போட்டியாமே."

அவள் தலையணையைச் சரி செய்துகொண்டாள். "பின்ன என்ன செய்ய? நீங்க ஸ்டூல்ல ஏறி நின்னீக. அன்னைக்கே நீங்க தோட்டத்துக்குப் போனதும் பெட்டியப் போட்டுப் பாத்தேன்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"நீங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நாலு நாளா நான் தூங்குறேன்னு நெனச்சு நீங்க தனியா உக்காந்து செத்துக்கிட்டே இருக்கீக. கதவுச் சந்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கூப்பிட்டிருந்தா வந்து உக்காந்திருப்பேன்." காலைத் தலையணை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, "நான் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இதற்கு என்னிடம் ஜோக் இல்லை. இல்லை என்று சொல்லக் கூடாது, யோசிக்கணும் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். சம்பந்தி நிறுத்திவிட்டுப் போன பத்தாம் கட்டம். இரண்டு மணிக்கூண்டுக்கு நடுவே ஒரு தாவல்.

"நீங்க கண்ண மூடிக்கங்கப்பா. மூடாத மாதிரி நடிக்க வேணாம். நான் 'இப்ப'ன்னு சொல்லுவேன், அப்ப அமுக்குங்க."

மூடிக்கொண்டேன். ஓட்டில் கலகலவென்று கால் ஓடியது. அவள் என் முழங்கை மேல் கையை வைத்திருந்தாள். விளிம்புச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. ஒரு எட்டு தள்ளி அவளும், "இப்ப," என்றாள்.

நான் அமுக்கவில்லை. ஊ என்று காற்றடித்தது. அமைதி.

"சொன்னேன்ல. லேட்டாக்கிட்டீக. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் விழுந்தேன். அந்த வாரம் முழுக்க அந்த மணிக்கூண்டிலேயே விழுந்துகொண்டிருந்தேன். சில தடவை சீக்கிரம், சில தடவை தாமதம், சந்தேகம் வராதபடி மாற்றி மாற்றி. எனக்கு என்ன அவசரம்? இருபத்துநான்கு கட்டமும் முடிந்துவிட்டால் அவள் வேறு என்னத்துக்கு என் முழங்கையைப் பிடிப்பாள்? ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்து ஒரே தாவில் தாண்டிவிட்டார், அது வேறு விஷயம். தாண்டட்டும். திங்கள் முதல் சனி வரைக்கும் விழுகிறதற்கு ஒரு நிதானம் வேண்டும், அது அவருக்கு வராது.